பாஸ்கா தண்ணீர்

பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாடும்போது அடித்த மணி, அப்புறம் சனிக்கிழமை ராத்திரிதான் அடித்தது. நடுவில் வெறும் மரக்கட்டைச் சத்தம். அந்த நாட்களில் மணியெல்லாம் ரோமுக்குப் பறந்துவிடும், திரும்பும்போது முட்டை கொண்டுவரும் என்று பிரான்சில் பிள்ளைகளிடம் சொல்வார்கள். புதுச்சேரியில் அக்கா வீட்டில் யாரோ இதைச் சொல்லப்போக, என் மகன் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தவே இல்லை.

பாஸ்கா திருவிழிப்புக்கு, அதாவது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரிப் பூசைக்கு, ரயில் நிலையம் பக்கத்து இருதய ஆண்டவர் பசிலிக்கா. 1907-இல் கட்டி முடித்த கோயில். பகலில் நிறம் நிறமாக ஒளிரும் கண்ணாடி ஜன்னல்கள் அப்போது கன்னங்கரேல் என்று இருந்தன. வெளியே நெருப்பு மூட்டி, பாஸ்கா மெழுகுதிரியில் சிலுவையும் ஆண்டும் கீறி, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்தார் சாமியார். அந்த ஒரு சுடர் கைமாறிக் கைமாறி எங்கள் வரிசைக்கு வந்தது. காகிதத் தட்டையும் மீறி அம்மா விரலில் மெழுகு சொட்டியது. உதறவில்லை, காய்ந்ததும் மெதுவாக உரித்துத் தாவணி கட்டிய பேத்தியிடம் நீட்டினாள். அவள் முகத்தைச் சுளித்தாள்.

‘உன்னதங்களிலே’ எழும்பியதும் மணி அடித்ததே, பின்னாலேயே தவக்காலம் முழுக்க வாயில் வராத அல்லேலூயாவும் வந்ததே, அதற்காகவே தூக்கத்தைத் தொலைக்கலாம். பூசை முடிந்ததும் மந்திரித்த தண்ணீருக்கு முட்டி மோதல். அம்மா பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோடு முன்னால் நின்றாள். “வருஷத்துக்கு ஒருதரம் வர்ற தண்ணிடா.”

ஞாயிறு காலை வில்லியனூர். கடலூரிலிருந்து எங்களோடு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, “முதல்ல கோகிலாம்பாள், நடை சாத்திடுவாங்க. அப்புறம் மாதா” என்று கணக்குப் போட்டுவிட்டார். சரி, திருக்காமீஸ்வரர் கோயிலுக்கு எல்லோருமே போனோம். அம்மாவும்தான். லூர்து அன்னை கோயிலில் கொடியேற்றம் அடுத்த சனிக்கிழமைதான் என்றாலும் பந்தல் வேலை ஆரம்பித்திருந்தது. உள்ளே 1877-இல் பிரான்சிலிருந்து வந்த மாதா சுரூபம். எதிரே குளம், படியில் இறங்கிக் கால் நனைத்து உட்கார்ந்தபோது எனக்கு எந்த வேண்டுதலும் ஞாபகத்துக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் கண்ணை மூடி வெகுநேரம் இருந்தார்.

திரும்பும் வழியில் சுண்ணாம்பாறு படகுத்துறை. வரிசையைப் பார்த்ததுமே படகு ஆசையை விட்டுவிட்டோம். மர நிழலில் தூக்குவாளியைத் திறந்து ஆறிப்போன பிரியாணி. ஆறினால்தான் அதற்கு ருசி என்பது என் கட்சி.

கூட்டமான பேருந்து. கன்னியக்கோயில் தாண்டும்போது பையெல்லாம் ஈரம். மூடி சரியாகத் திருகவில்லை, பாதித் தண்ணீர் போய்விட்டது. திருகியது நான்தான். அம்மா ஒன்றும் பேசவில்லை. மஞ்சக்குப்பம் வந்து கதவைத் திறந்ததும், மிச்சத்தில் பாதியைத் தம்ளரில் ஊற்றிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் நம் வாசலில் தெளித்தாள்.