விசில் ஊத ஆள் தேவை

2025 மே 3, சனி

காலை ஆறரைக்கே வெள்ளவத்தைக் களத்தில் நின்றேன். கையில் அளவு நாடா, கயிறு, சோக்கட்டி, ஒரு ரின் வெள்ளைப் பெயின்ற். களம் என்பது கொஞ்சம் கூடின பேச்சு. பாடசாலைப் பின்வளவில் கிடக்கும் கொங்கிரீட் தரை. அதில் கரப்பந்துக்கு மஞ்சள் கோடு, பட்மின்டனுக்குப் பச்சைக் கோடு, எதற்கென்று இப்போது ஒருவருக்கும் தெரியாத ஒரு சிவப்புக் கோடு. இவ்வளவுக்கும் மேலேதான் எங்கட வலைப்பந்துக்கு வெள்ளைக் கோடு வர வேண்டும். 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். நீளம் எப்படியோ அடங்கிவிட்டது. பக்கக் கோட்டுக்கும் மதிலுக்கும் இடையில் ஒரு முழம்தான் மிச்சம். நடுவர் ஓட வேண்டிய வழி அது.

கோல் வட்டத்துக்கு 4.9 மீற்றர் கயிறு. கொங்கிரீட்டில் ஆணி இறங்கவில்லை. ஒரு பிள்ளையைக் கோல் கோட்டின் நடுவில் கயிற்றுத் தலைப்பை மிதித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, மற்றத் தலைப்பில் சோக்கட்டியைக் கட்டி நான் குனிந்தபடி சுற்றி வந்தேன். இடுப்பு இப்போதும் வலிக்கிறது.

வந்த கையோடு கம்பங்களையும் அளந்தேன். வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றரில் இருக்க வேண்டும், பத்து அடி. காலி வீதிப் பக்கக் கம்பம் சரி. கடற்கரைப் பக்கத்தது 2.97. நாடாவைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன், அதே 2.97. உப்புக் காற்றில் அடி துருப்பிடிக்க, முந்தி யாரோ துருப்பட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டியிருக்கிறார்கள். "கடல் பக்கம் அடிச்சா லேசா விழும் மிஸ்" என்று பிள்ளைகள் இரண்டு வருடமாகச் சொல்லி வருகிறார்கள். நான் அதைக் காற்று என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன்!

புதிதாக வாசிப்பவர்களுக்கு: தெற்கே தெஹிவளையிலிருந்து வடக்கே முகத்துவாரம், வத்தளை வரை ஏழு இடங்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறோம். ஒழுங்குபடுத்துவது நாங்கள் நாலு பேர். எல்லாரும் ஒரு காலத்தில் விளையாடியவர்கள். நான் ஜி.கே., கோல் தடுப்பவள். பந்து கேட்டால் யாராவது வாங்கித் தருகிறார்கள், பிப் (ஆடும் இடத்தின் எழுத்துப் போட்ட மேற்சட்டை) தைத்துத் தரவும் ஆள் உண்டு. போன மாதம் கொட்டாஞ்சேனையில் வைத்த ஆட்டம் நின்றுபோனது நடுவர் இல்லாமல். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். எங்களிடம் இருப்பதே இரண்டு பேர். ஒருவருக்கு முழங்கால் வருத்தம், மற்றவர் பேரப்பிள்ளை பார்க்கக் கனடா போய்விட்டார்.

2025 மே 6, செவ்வாய்

உள்ளூராட்சித் தேர்தல். பாடசாலை வாக்களிப்பு நிலையமாகிவிட்டதால் பயிற்சி இல்லை. காலையிலேயே வாக்குப் போட்டுவிட்டு வந்து, மேசையில் விதிப்புத்தகத்தை விரித்தேன். சனிக்கிழமை நடுவர் வகுப்பு தொடங்க வேண்டும். என் கையில் இருப்பவை ஆங்கிலமும் சிங்களமும். பிள்ளைகள் தமிழ் மூலம் படிப்பவர்கள்.

முதல் சண்டை ஃபுட்வேர்க்கோடு. ஒற்றைக் காலில் இறங்கிப் பந்தைப் பிடித்தால் மற்றக் காலை வைக்கலாம். இறங்கிய காலைத் தூக்கவும் செய்யலாம். ஆனால் தூக்கிய அந்தக் காலைத் திரும்ப நிலத்தில் வைப்பதற்கு முதல் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். இதை எழுத எனக்கு இரண்டு மணித்தியாலம். கடைசியில் 'ஊன்றுகால்' என்று ஒரு சொல்லை நானே போட்டேன். ஊன்றுகாலைத் தூக்கலாம், பந்தோடு மீண்டும் ஊன்றக் கூடாது. எழுதியதும் எழும்பிக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு தோடம்பழத்தை வைத்துச் செய்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

கொன்ராக்ற் (ஆளில் முட்டுவது), ஒப்ஸ்ட்ரக்‌ஷன் (கிட்ட நின்று மறிப்பது) இரண்டையும் தமிழாக்கவில்லை. களத்தில் நடுவர் கத்தப்போகும் சொற்கள் அவைதான். எதிரே சிங்களப் பிள்ளைகள் நின்றாலும் முஸ்லிம் பிள்ளைகள் நின்றாலும் அதுவே விளங்கும். அட்வான்ரேஜ்தான் பாடுபடுத்தியது. பிழை நடந்திருக்கிறது, ஆனால் விசில் ஊதி நிறுத்தினால் பிழை செய்யாத அணிக்குத்தான் நட்டம். ஆகவே ஊதாமல் விட வேண்டும். 'அனுகூலம்' என்று எழுதினேன், ராசிபலன் மாதிரி இருந்தது. வெட்டிவிட்டேன்.

ஒரு வேடிக்கை. உலகம் முழுக்க ஒரே விதியில் இதை ஆட வேண்டும் என்று 1960இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகளின் ஆட்கள் கூடிப் பேசியது இலங்கையில்தான். மூன்று வருடத்தில் இங்கிலாந்தின் ஈஸ்ற்போணில் முதல் உலகப் போட்டி நடந்தது. இலங்கையும் போனது. அந்த விதியை ஊன்றுகால், தூக்கிய கால் என்று வெள்ளவத்தையில் ஒருத்தி 2025இலும் பிய்த்துக்கொண்டிருக்கிறாள்.

2025 மே 10, சனி

ஒன்பது பேர் வந்தார்கள். எட்டுப் பேர் மார்ச்சில் ஓ.எல். சோதனை எழுதியவர்கள். இது என் கணக்கு: பதினாறு வயதுவரை விளையாடுகிற பிள்ளை சோதனை வருடத்தில் நிற்பாள், பிறகு வரவே மாட்டாள். சோதனை முடிந்து பெறுபேறு வரும்வரைக்கும் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அதற்குள் பிடித்துவிட வேண்டும். ஆட வராவிட்டாலும் பரவாயில்லை, ஊத வரட்டும்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு விசிலைக் கொடுத்தேன். "ஊதுங்கோ."

குருவிக்குஞ்சுச் சத்தம். ஒன்பது பேரும் அப்படித்தான். களத்தில் தொண்டை கிழியக் கத்துகிற பிள்ளைகள், விசிலை வாயில் வைத்ததும் வெட்கம். ஒருத்தி சொன்னாள்: "அம்மம்மா பேசுவா மிஸ். பொம்பிளைப் பிள்ளை விசிலடிச்சா ராவில பாம்பு வருமாம்." பகலில்தானே ஊதச் சொல்கிறேன் என்றேன். சிரித்துச் சிரித்து அரை மணித்தியாலம் போனது. பிறகு மதிலோரமாக வரிசையில் நிற்க வைத்து, காலி வீதியில் 101 பஸ் கோர்ன் அடிக்கும்போதெல்லாம் அதைவிடப் பெரிதாக ஊத வேண்டும் என்று போட்டி வைத்தேன். அடுத்த வீட்டு மாடியில் ஒருவர் யன்னலைச் சாத்தினார். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நிற்கும் இடம், ஓடும் வழி எல்லாம் காட்டினேன். ஆளுக்கு அரைக் களம், பக்கக் கோட்டு வழியே ஓட்டம், தன் பக்கக் கோல் கோட்டு வரைக்கும் போக வேண்டும். எல்லாருக்கும் குழம்பியது சென்டர் பாஸ், கோல் விழுந்ததும் நடுவிலிருந்து போடும் பந்து. கோல் யார் அடித்தாலும் சென்டர் பாஸ் மாறி மாறித்தான் போகும். அடுத்தது யாருடையது என்று நடுவர் மறந்துவிட்டால் இரண்டு பக்கமும் கூச்சல்தான். நான் பழைய வழியைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி, இடது பொக்கற்றிலிருந்து வலதுக்கு, வலதிலிருந்து இடதுக்கு. "பொக்கற் இல்லாத உடுப்பு போட்டா மிஸ்?" நியாயமான கேள்வி. பெண்பிள்ளைகளின் ட்ரக் பொட்டத்துக்குப் பொக்கற் வைக்காத தையற்காரரை என்ன செய்வது?

2025 மே 13, செவ்வாய்

வெசாக். ஒன்றும் நடக்கவில்லை. மகளோடு போய் வெசாக் விளக்குக் கூடு பார்த்தேன். திரும்பி வரும் வழியில் ஒரு தன்சலில் (இலவச உணவுப் பந்தல்) மரவள்ளிக்கிழங்கு.

2025 மே 17, சனி

முகத்துவாரம். ஒரு தாய் மகளைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். பதின்மூன்று வயது, என்னைவிட உயரம். "இவவைத் தர்ஜினி மாதிரி ஆக்கி விடுங்கோ மிஸ்." பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், தோளை ஒடுக்கி, உயரத்தைக் குறைக்கப் பார்க்கிற மாதிரி.

தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றி நான் குறைவாக ஒரு சொல் சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்து ஈவினையில் பிறந்து, 208 சென்ரிமீற்றர் உயரத்தையும் ஊர்ப் பேச்சையும் சுமந்துகொண்டு தேசிய அணிக்கு வந்தவர். 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை எடுத்தபோது எங்கட வீட்டில் வெடி கொளுத்தாத குறை. அடுத்த வருடம் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அவர் அடித்தது 348 கோல். அந்தக் கிண்ணத்தில் ஆகக் கூடியது. பின்பலகை இல்லாத வளையம், முன்னால் மூன்றடி தள்ளி நிற்கும் தடுப்பாட்டக்காரி. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்த உயரமும் அந்தக் கையும் என்ன செய்யும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் பிறகு எங்களுக்கு ஒரு வருத்தம் பிடித்தது. பாடசாலை பாடசாலையாக உயரமான பிள்ளையைத் தேடினோம். பிள்ளை கிடைத்ததும் வளையத்தடியில் நிறுத்திவிட்டு மற்ற ஆறு பேருக்கும் "மேல போடு, மேல போடு" என்று கத்தினோம். நானும் கத்தியிருக்கிறேன். அந்தப் பந்தை எந்த நேரத்தில், எந்த உயரத்தில், எந்தக் கைக்குப் போடுவது என்று முடிவெடுக்கிற நடுக்களத்து டபிள்யூ.ஏ.யையும் சென்டரையும் ஒருவரும் பார்க்கவில்லை. போன ஒக்டோபரில் பெங்களூரில் சிங்கப்பூரிடம் 67–64 என்று கிண்ணத்தை விட்டோம். மூன்று கோல். நடுக்களத்தில் ஒரு கால்வாசி நேரத்தில் கைநழுவுகிற பந்துகள் அவ்வளவுதான்.

தாயிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. பிள்ளையிடம் பக்கத் தடுப்பு இடமான டபிள்யூ.டி. பிப்பைக் கொடுத்தேன். தாயின் முகம் வாடியது. "அது எந்த இடம் மிஸ்? கோல் அடிக்கலாமா?" அடிக்க முடியாது என்றேன். "அப்ப ஒலிம்பிக்ல?" ஒலிம்பிக்கில் வலைப்பந்தே இல்லை, பொதுநலவாய விளையாட்டில் 1998இலிருந்து இருக்கிறது, கோலாலம்பூருக்கு முதல் தரமே இலங்கையும் போனது என்றேன். ஒலிம்பிக் இல்லை என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

பிள்ளை மட்டும் பயிற்சி முடியத் தோளை நிமிர்த்திக்கொண்டு போனாள். இரண்டு பந்தை வெட்டி எடுத்திருந்தாள்.

2025 மே 24, சனி

நாலு அணி, ஆறு ஆட்டம், முழுக்க எங்கட பிள்ளைகளே நடுவர்கள். நேரம் போதாதென்று பதினைந்து நிமிடக் கால்வாசிகளை எட்டாகக் குறைத்தோம். பிலியந்தலைப் பக்கமிருந்து ஒரு சிங்கள அணி. அவர்களோடு வந்த மிஸ்ஸுக்கும் எங்கட பிள்ளைகளுக்கும் பொதுமொழி கைச்சைகை மட்டும்தான். அதுவே போதுமாக இருந்தது.

ஐந்தாவது ஆட்டத்தில்தான் வினை. கடைசி நிமிடம், கோல் சமம். ஊதியவள் பாம்புக்கதை சொன்ன பிள்ளை. ஆடிய இரண்டில் ஒன்று அவள் படித்த பாடசாலை. அந்தப் பாடசாலையின் கோல் அடிக்கும் ஜி.ஏ. பந்தை வைத்துக்கொண்டு யாருக்குப் போடலாம் என்று பார்த்தாள், பார்த்தாள். விசில். பந்தைக் கையில் வைத்திருக்கக்கூடிய மூன்று செக்கன் தாண்டிவிட்டது. பந்து மறுபக்கம் போய், அங்கே கோல் விழுந்து, ஆட்டம் முடிந்தது.

அந்த அணியின் பயிற்றுநர், ஐம்பது வயது தாண்டிய ஆள், களத்துக்குள் வந்து அவளிடம் கையை நீட்டிக் கத்தினார். "மணிக்கூடு இருக்கா உம்மிட்ட? உம்மட பள்ளிக்கூடம்தானே இது?" அவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது: "மனசுக்குள்ள எண்ணினனான் சேர். மூண்டுக்கு மேல போயிட்டுது." குரல் நடுங்கியது. ஆனால் விசிலைப் பிடித்த கையை இறக்கவில்லை.

நான் நடுவில் போய் நின்றேன். என்ன சொன்னேன் என்று வடிவாக ஞாபகமில்லை, மரியாதையாகச் சொல்லவில்லை என்று மட்டும் தெரியும். அந்த அணி அடுத்த ஆட்டத்துக்கு நிற்காமல் வானில் ஏறிப் போய்விட்டது. அவர் பழக்கும் இடத்தில் நாற்பது பிள்ளைகள் ஆடுகிறார்கள். திங்கட்கிழமை நான்தான் போய்ச் சமாதானம் பேச வேண்டும். அது தெரிந்துதான் பேசினேன், தெரிந்தும் கோபம் இறங்கவில்லை.

பின்னேரம் அந்தப் பிள்ளை கதிரை அடுக்கும்போது கேட்டாள்: "நான் ஊதாமல் விட்டிருக்கலாமா மிஸ்?" நீ எத்தனை வரை எண்ணினாய் என்று கேட்டேன். "நாலு." பிறகென்ன என்றேன்.

2025 மே 28, புதன்

மழை. கொங்கிரீட்டில் பாசி. கம்பத்தை உயர்த்த ஒட்டு வேலைக்காரர் வருவதாகச் சொல்லி வரவில்லை. சமாதானப் பேச்சு அரைகுறை. அவர் தேத்தண்ணி தந்தார், மன்னிப்பும் கேட்கவில்லை, அணியை விலக்கவுமில்லை. அடுத்த மாத அட்டவணையில் பெயரைப் போடச் சொன்னார். 'அந்தப் பிள்ளை ஊதக்கூடாது' என்று ஒரு நிபந்தனை. நடுவர் பட்டியல் எங்கட வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2025 மே 31, சனி

ஒன்பதில் ஐந்து பேர்தான். பம்பலப்பிட்டியில் ஏ.எல். ரியூஷன் தொடங்கிவிட்டது, பெறுபேறு வரமுதலே. பௌதிகவியல் சனிக்கிழமை காலையில். பாம்புக்கதைப் பிள்ளையும் அங்கேதான்.

ஒட்டு வேலைக்காரர் ஒருவழியாக வந்து, கடல் பக்கக் கம்பத்துக்கு எட்டு சென்ரிமீற்றர் துண்டு வைத்து ஒட்டிவிட்டுப் போனார். அளந்து பார்த்தேன், 3.05. பிள்ளைகள் வந்து எறிந்தார்கள். ஒன்றும் விழவில்லை. வளையத்தின் முன் விளிம்பில் பட்டுப் பட்டுத் திரும்பி வந்தது. "என்ன மிஸ் செய்தனீங்கள்?" என்று எல்லாருக்கும் என் மேல் கோபம்.

இரவு ஒன்பதரைக்கு ஒரு குரல்பதிவு வந்தது. பின்னால் பஸ் சத்தம். "மிஸ், இண்டைக்கு ஆர் ஊதினது? பின்னேர ஆட்டமெண்டா எனக்கு மூண்டு மணிக்குப் பிறகு வரலாம். பொக்கற் வைச்ச பொட்டம் ஒண்டு தைச்சிட்டன்."

அட்டவணையைத் திருப்பி எடுத்து, ஜூன் 14 பின்னேர ஆட்டத்துக்கு அவள் பெயரை எழுதினேன். அந்தப் பயிற்றுநரின் அணிதான் ஆடுகிறது.