'பா' என்பதில் இரண்டு ஒலிகள்: மகளின் வாசிப்புப் பயிற்சி

இரண்டாம் வகுப்பில் படித்த என் மகள் பாடநூலின் பக்கங்களைப் பார்க்காமலே ஒப்பித்துவிடுவாள். ஆனால் அதே சொற்களைத் தனித்தாளில் எழுதிக் காட்டினால், 'படம்' என்பதைப் 'பாடம்' என்றும் 'கொடி' என்பதைக் 'கோடி' என்றும் வாசிப்பாள். கவனக்குறைவு என்றே பலரும் சொன்னார்கள். பேச்சில் எந்தத் தடுமாற்றமும் இல்லாத குழந்தை எழுத்தில் மட்டும் ஏன் தடுமாறுகிறாள் என்று தெரிந்துகொள்ள விரும்பி, பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஒருவரை அணுகினோம்.

அவர் முதலில் கேட்புத்திறனைச் சோதிக்கச் சொன்னார்; அதில் குறையில்லை. அடுத்து நடந்த மதிப்பீடு முழுவதும் வாய்மொழியாகவே இருந்தது. 'மரம்' என்பதில் 'ம' இல்லாமல் சொல்லச் சொன்னதும் 'ரம்' என்றாள். சொற்களை அசை அசையாகப் பிரித்துக் கைதட்டவும் முடிந்தது (யாப்பில் சொல்லும் அசை அன்று, ஓர் உயிரொலியைச் சுற்றி அமையும் ஒலித்துண்டு). ஆனால் 'கல்' என்பதில் 'க்' ஒலியை மட்டும் எடுத்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டபோது, 'அல்' என்னும் விடை அவளுக்கு எட்டவில்லை, 'ல்' என்றாள்.

இது பல குழந்தைகள் கடந்துவரும் படி என்று அறிந்தது எனக்குப் பெரிய ஆறுதல். 1974இல் இசபெல் லிபர்மனும் உடன் ஆய்வாளர்களும் சிறுவர்களைச் சோதித்தபோது, நான்கு வயதினரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அசைகளைப் பிரித்தறிந்தார்கள். தனி ஒலிகளை அவர்களில் ஒருவராலும் பிரிக்க முடியவில்லை. தமிழில் இந்த இடைவெளியை எழுத்தும் மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து. 216 உயிர்மெய்களும் ஒவ்வொன்றும் ஒரே எழுத்தாக நிற்பதால், உள்ளே ஒரு மெய்யும் ஓர் உயிரும் இருப்பது குழந்தையின் காதுக்குத் தானாகப் புலப்படுவதில்லை. 'கெ' போன்ற எழுத்துகளில் கொம்பு முன்னால் நிற்க, ஒலியிலோ மெய்தான் முந்துகிறது; வரிசையே மாறிவிடுகிறது.

பயிற்சிக்கு வண்ண வில்லைகளைப் பயன்படுத்தினோம். ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு வில்லையைக் கட்டத்துக்குள் நகர்த்த வேண்டும். குறிலுக்குச் சிறியது, நெடிலுக்கு நீளமானது. 'பால்' என்று எழுதினால் எழுத்து இரண்டு; அவள் நகர்த்த வேண்டிய வில்லைகளோ 'ப்', 'ஆ', 'ல்' என மூன்று. முதல் வில்லையை மாற்றினால் 'வால்', நடு வில்லையைச் சிறிதாக்கினால் 'பல்', கடைசியை மாற்றினால் 'பாய்' என்று சொற்கள் மாறுவதைக் கண்டபோதுதான் அவளுக்கு ஆர்வம் பிறந்தது. 'கால், பால், நூல், வால்' என்பவற்றுள் சேராததைச் சொல்லும் விளையாட்டில், உயிரொலி வேறுபடுவதால் 'நூல்' என்று அவளே காரணத்தோடு விளக்கத் தொடங்கினாள்.

காது நன்கு பழகிய பிறகு எழுத்துக்குப் போகலாம் என நான் எண்ணியிருந்தேன். சிகிச்சையாளர் காத்திருக்க விடவில்லை. எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் சொல்லின் முதல் ஒலியை நீக்குவது கடினமாக இருந்ததை, போர்ச்சுகலில் ஜோசே மொராய்ஸ் குழுவினர் 1979இல் காட்டியிருக்கிறார்கள். ஒலியுணர்வு, அதாவது சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறியும் திறன், வாசிப்பை வளர்ப்பதுபோல், எழுத்தறிவும் ஒலியுணர்வை வளர்க்கிறது. ஆகவே வில்லைகளின் மேலேயே எழுத்துகளை ஒட்டினோம். 'க்' வில்லையும் 'ஒ' வில்லையும் நெருங்கினால் ஒற்றைக்கொம்பு, 'ஓ' வந்தால் இரட்டைக்கொம்பு என்று தன் கையாலேயே சேர்த்துப் பார்த்தபின், 'கொடி', 'கோடி' குழப்பம் படிப்படியாக நீங்கியது. வெறும் ஒலி விளையாட்டு இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்போது முன்பின் பார்த்திராத சொற்களையும் ஒலி சேர்த்துப் படிக்கிறாள். 'வாழ்த்து', 'முயற்சி' போல மெய்கள் அடுத்தடுத்து வரும் இடங்களில் மட்டும் இன்னும் நின்று நிதானிக்கிறாள். அதனால் வில்லைகளைக் குறைத்துக்கொண்டு, ஒரே சிறு பத்தியை மீண்டும் மீண்டும் உரக்க வாசிக்கும் பயிற்சிக்கு மாறியிருக்கிறோம்.