ஆடிக் காற்றும் எஃகுத் துகளும்

ஜூலை 18

ஆடி பிறந்த மறுநாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பீளமேட்டை உலுக்குகிறது. ஆய்வகத்து ஜன்னல் இடுக்குகளை டேப் ஒட்டி அடைத்தாயிற்று. எங்கள் சிறிய குமிழி அறையைக் கழுவிய நீரை வடிகட்டி, வடிதாளில் என்ன தங்குகிறது என்று பார்ப்பதுதான் இந்த மாத வேலை. குமிழி அறையால் இருண்ட பொருளை, அதாவது ஒளியில் தெரியாத பிரபஞ்சப் பொருளைத் தேட, கனடாவின் ஸ்னோலாப் நிலத்தடி ஆய்வகம் போல 2 கிலோமீட்டர் ஆழத்துக்குப் போக வேண்டும். நமக்குத் தூசி போதும்.

ஜூலை 20

தூசிக்கு ஏன் இத்தனை பயம் என்று அப்புச்சி கேட்டார். மில்லில் பஞ்சுத் தூசியோடு காலம் தள்ளியவர், நியாயமான கேள்விதான்.

ஸ்னோலாபில் இருண்ட பொருளைத் தேடிய குமிழி அறை பிகோ-2எல். அதில் 2.9 கிலோ ஃபுளூரோகார்பன் திரவம், கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் நின்றது. இருண்ட பொருளின் துகள் மோதி அணுக்கரு ஒன்று இடிபட்டால் அங்கே ஒரு குமிழி எழும். கதிரியக்கத்தில் வெளிவரும் ஆல்பா துகளும் குமிழி எழுப்பும். ஆனால் சத்தம் அதிகம், ஒலியுணரி காட்டிக்கொடுத்துவிடும். முதல் ஓட்டத்தில் கணக்குக்கு அடங்காத குமிழிகள் வந்தன. திரவத்தில் கிடந்த தூசியின் மேல் சந்தேகம் விழுந்தது. தூசிக்குள் பிறக்கும் ஆல்பா, வெளியே வருவதற்குள் ஆற்றலைத் தொலைத்துவிட்டால் சத்தமும் அடங்கிவிடுமே! சுத்தம் செய்து மறுபடி ஓட்டியபோது அந்தக் குமிழிகள் இல்லை. 2016இல் முடிவை வெளியிட்டார்கள்.

"அப்படியென்றால் தூசிதான் திருடன், சாமி" என்றார் அப்புச்சி. அவசரத் தீர்ப்பு. தூசியோடு நீர்த்துளி சேரும்போது பரப்பு இழுவிசையே குமிழியைக் கிளப்பலாம் என்ற சந்தேகமும் உண்டு. அடுத்து வந்த பிகோ-40எல் கருவியின் வடிவமைப்பில் திரவத்தோடு இருந்த நீரையே நீக்கிவிட்டார்கள்.

ஜூலை 24

ஒப்பீட்டுக்காகத் திறந்து வைத்த தாளில் முறுக்கிய நாடா போலப் பருத்தி இழைகள். கோயம்புத்தூரில் வேறென்ன விழும்? கழுவிய நீரின் தாளில் இழை அரிது; ஓரம் கிழிந்த மினுக்குச் செதில்கள்தான். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இரும்பு, குரோமியம், நிக்கல்: துருப்பிடிக்கா எஃகு, வெளித்தூசி அல்ல. ஜன்னலுக்கு ஒட்டிய டேப்பை நினைத்துச் சிரிப்பு வந்தது.

ஜூலை 27

கணபதியில், எங்கள் குமிழி அறைக்கு எஃகு போல்ட்டும் நட்டும் செய்து தந்த லேத் பட்டறை. "பிசிறு எடுத்துத்தான் கொடுத்தேன், தம்பி" என்றார் அண்ணன். உண்மைதான், விளிம்பு வழவழவென்று இருக்கிறது. எஃகு போல்ட்டில் எஃகு நட்டை ஏற்றி இறக்கி, மரையை வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினார்: சாம்பல் கோடு. முடுக்கும்போதெல்லாம் தேய்ந்து உதிர்கிறது. வெண்கல நட் போடச் சொல்கிறார். அதுவும் தேயும், ஆனால் தாளில் செம்பு தெரிந்தால் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும். ஆறு நட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.