சரவிளக்கு விழுந்த கதை

நேற்று ராத்திரி தூக்கம் வராமல், எத்தனையாவது தடவையோ, அந்தச் சரவிளக்குக் காட்சியைப் போட்டுப் பார்த்தேன். பிபிசியின் 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' என்ற காமெடித் தொடரில் 1982-ல் வந்தது. மாளிகையில் தொங்கும் சரவிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து தருகிறோம் என்று அளந்துவிட்டு, டெல்லும் தம்பி ரோட்னியும் ஏணியில் ஏறித் துணியை விரித்துப் பிடித்தபடி நிற்கிறார்கள். மாடியில் தாத்தா திருகாணியைக் கழற்றுகிறார், கழற்றிக்கொண்டே இருக்கிறார். விழுந்தது இவர்களுக்குப் பின்னால் தொங்கிய இன்னொரு விளக்கு!

எழுதியவர் ஜான் சல்லிவன். பிளம்பராக இருந்த அவருடைய அப்பா வேலை பார்த்த இடத்தில் நிஜமாகவே இப்படி நடந்ததாம். அப்பா சொல்லச் சொல்ல மகன் விழுந்து விழுந்து சிரிக்க, 'ஆட்களுக்கு வேலையே போச்சு, உனக்குச் சிரிப்பா?' என்கிற மாதிரி அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கென்னவோ அந்தக் கோபமும் சேர்ந்துதான் காட்சியை இவ்வளவு நல்லதாக்கியது என்று தோன்றுகிறது.

சல்லிவன் 1946-ல் தெற்கு லண்டனில், பால்ஹமில் பிறந்தவர். பதினைந்து வயதில் படிப்பு முடிந்தது. பள்ளி ஆசிரியர் ஒருவர் நாவலாசிரியர் டிக்கன்ஸைப் படித்துக்காட்டியதுதான் மிச்சம். அப்புறம் கிடைத்த வேலையெல்லாம் பார்த்துக்கொண்டே பிபிசிக்கு எழுதி எழுதி அனுப்பினார், எல்லாம் திரும்பி வந்தன. வாசல் வழி சரிப்படாது என்று புரிந்ததும் கொல்லைப்புறமாக நுழைந்தார், அதாவது பிபிசியிலேயே செட் சாமான்களைத் தூக்கி வைக்கும் வேலையில் சேர்ந்து, அங்கிருந்த தயாரிப்பாளர் டென்னிஸ் மெயின் வில்சனிடம் தானே போய்ப் பேசினார். 1977-ல் 'சிட்டிசன் ஸ்மித்' வந்தது. 1981-ல் இந்தத் தொடர். முதலில் பெரிதாக எடுபடவில்லை, ஆனால் 1996 டிசம்பரில் ஒரு பகுதியை மட்டும் 2.43 கோடிப் பேர் பார்த்தார்கள். டைட்டில் பாட்டை எழுதிப் பாடியதும் இவரேதான்!

ஆனால் நான் மலைத்துப்போனது வேறொன்றில். தாத்தாவாக நடித்த லெனர்ட் பியர்ஸ் 1984-ல் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். வேறு ஆளைத் தாத்தாவாகப் போடாமல், சாவையே கதைக்குள் கொண்டுவந்தார் சல்லிவன். காமெடித் தொடரில் ஓர் அடக்கச் சடங்கு, பார்ப்பவர்களுக்கும் தொண்டை அடைக்கிறது. தாத்தாவின் தொப்பியைக் குழிக்குள் போட்டுவிட்டு அண்ணனும் தம்பியும் நகர்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் பாதிரியார் தன் தொப்பியைக் காணோமே என்று தேடுகிறார்.