ஷிங்கு ஆற்றின் வெண்புள்ளித் திருக்கை

பிரேசிலின் பாரா மாநிலத்தில் ஷிங்கு ஆற்றங்கரையில் இருக்கும் அல்தமீரா, சுற்றுலாப் பயணிகள் தேடிச் செல்லும் ஊரன்று. ஆனால் ஷிங்குவிலும் அதில் வந்து சேரும் இரிரி போன்ற துணையாறுகளிலும் மட்டுமே வாழும் ஒரு நச்சுத் திருக்கையை அதன் சொந்த நீரிலேயே காண விரும்புகிறவர்கள் அந்த ஊருக்குத்தான் போயாக வேண்டும். பொட்டமோட்ரைகான் லியோபோல்டி என்னும் அதன் அறிவியல் பெயர், பெல்ஜியத்தின் முன்னாள் மன்னர் மூன்றாம் லியோபோல்டைச் சிறப்பிக்கும் வகையில் 1970இல் சூட்டப்பட்டது. கரிய உடலில் வெண்புள்ளிகள் சிதறிய இந்தத் திருக்கையை உலகெங்கும் வண்ண மீன் வளர்ப்போர் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். கண்ணாடித் தொட்டியில் நான் பார்த்தபோதெல்லாம், ஒளிந்து வாழவேண்டிய ஓர் உயிருக்கு இத்தனை பகட்டான தோல் எதற்கு என்று தோன்றியதுண்டு.

அதற்கான விடை ஆற்றின் தரையில் இருந்தது. ஆண்டிஸ் மலையின் வண்டலைச் சுமந்து கலங்கி ஓடும் அமேசான் பேராற்றைப் போலன்றி, ஷிங்கு பிரேசிலின் தொன்மையான பாறை மேட்டுநிலத்தில் பிறந்து வருவதால், மழை குறைந்த மாதங்களில் அதன் நீர் தெளிந்து பச்சை நிறம் காட்டுகிறது. அல்தமீராவுக்குக் கீழே ஆறு பெரிதாக வளைந்து திரும்பும் வோல்டா கிராண்டே பகுதியில், 100 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவுக்குப் பாறைத் திட்டுகளும் விரைவோட்டங்களும் மணல் படிந்த அமைதியான ஓடைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. செப்டம்பர் மாதத்து வெயிலில், முகக்கண்ணாடி அணிந்து இடுப்பளவு நீரில் மிதந்தபடி கீழே பார்த்தால் கரும்பாறை, அதன்மேல் ஆடும் ஒளித்துளிகள், இடையிடையே வெளிர்மணல் ஆகியவைதான் தெரிகின்றன. படகோட்டி துடுப்பின் நுனியால் காட்டிய இடத்தில் எனக்கு முதலில் பாறையைத் தவிர எதுவும் புலப்படவில்லை. பின்னர் அந்தப் பாறையின் ஓரம் மெல்ல அலைந்தது. இரண்டு கண்கள் மேலெழுந்தன. கண்களுக்குப் பின்னால் இருக்கும் மூச்சுத் துளைகள் திறந்து மூடின. தொட்டியில் பகட்டாகத் தெரிந்த புள்ளிகள், இங்கே வெயில் சிந்திய பாறையோடு பாறையாகக் கலந்துவிட்டன.

வாய் உடலின் அடிப்பக்கத்தில் இருப்பதால், மணலில் படுத்திருக்கும் திருக்கை முதுகுப்புறத் துளைகளின் வழியாகவே நீரை உள்ளிழுத்து, அடிப்பக்கத்துச் செவுள் பிளவுகளின் வழியாக வெளிவிடுகிறது. இதன் முதன்மையான இரை நத்தைகள். தட்டைப் பற்கள் வரிசையாக அமைந்த தாடைகளால் ஓட்டை நொறுக்கித் தின்கிறது. இரவில் கரையோர ஆழமற்ற நீருக்கு இவை வரும் என்று படகோட்டி சொன்னதால், இருட்டிய பின் படகிலிருந்தே கைவிளக்கு அடித்துப் பார்த்தோம். பகலில் பாறையிடுக்குகளில் கிடந்தவை இப்போது மணல்மேல் ஊர்ந்து திரிந்தன.

இந்தத் திருக்கை சேர்ந்த ஆற்றுத் திருக்கைக் குடும்பத்தின் முன்னோர் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைந்தவை. கடல் திருக்கைகள் உப்புநீரில் உடலின் நீர்ச்சமநிலையைக் காக்க இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைக்கின்றன. ஆற்றுத் திருக்கைகளோ அந்தத் திறனையே இழந்துவிட்டன. இரையின் மின்துடிப்பை உணரும் லோரென்சினி நுண்குழிகளும், மின்சாரத்தை எளிதில் கடத்தாத நன்னீருக்கேற்பச் சுருங்கிவிட்டன. எனவே இவை வழிதவறி ஆற்றுக்குள் வந்த கடல் மீன்கள் அல்ல. கடலுக்குத் திரும்பும் வழியே இல்லாமல் ஆற்றுக்கே உரியவையாக மாறிவிட்டவை.

இனி முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாலின் மேற்புறத்தில் இருக்கும் அந்த முள்ளின் இரு விளிம்புகளிலும் பின்னோக்கிச் சாய்ந்த ரம்பப் பற்கள் உள்ளன. பாம்புக்கு இருப்பதுபோல நச்சுப்பையும் குழாயும் இதற்கு இல்லை. முள்ளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோலில்தான் நச்சுச் செல்கள் இருக்கின்றன. முள் தசைக்குள் பாயும்போது அந்தத் தோல் கிழிந்து நஞ்சு காயத்தில் கலக்கிறது. ஆற்றுத் திருக்கைகளில் இச்செல்கள் முள்ளின் மேற்பரப்பு முழுவதும் பரவியிருப்பதால், காயத்தைச் சுற்றியுள்ள சதை அழுகும் அபாயம் கடல் திருக்கைகளின் குத்தைவிட அதிகம். இதற்கு முறிமருந்து கிடையாது. தாங்கக்கூடிய அளவு சூடான, ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் நீரில் காலை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். புண்ணுக்கும் தொற்றுக்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். இத்தனையும் உண்மை என்றாலும், இது மனிதரைத் தேடி வந்து தாக்கும் விலங்கன்று. குத்துப்பட்டவர்களில் பெரும்பாலோர் மணலில் புதைந்திருந்ததை அறியாமல் மிதித்தவர்களும், வலையிலிருந்து விடுவிக்க முயன்ற மீனவர்களுமே.

ஆற்றில் பிழைப்பவர்கள் இந்த முள்ளைவிட அணையைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். 2016இல் இயங்கத் தொடங்கிய பெலோ மோன்டே நீர்மின் திட்டம், ஷிங்குவின் நீரில் பெரும்பகுதியை வோல்டா கிராண்டேவுக்கு மேலேயே கால்வாயில் திருப்பி மின்னாக்கிகளுக்குக் கொண்டுசெல்கிறது. வெள்ளக் காலத்தில் கரைக்காடுகளுக்குள் ஏறி, வறண்ட காலத்தில் இறங்கும் ஆற்றின் பழைய ஒழுங்கு இதனால் குலைந்துவிட்டது. வளைவின் கரையில் வாழும் ஜுருனா பழங்குடி மக்கள் மீன்வளம் குறைந்ததைத் தொடர்ந்து பதிவுசெய்து வாதாடி வருகிறார்கள். மூச்சுக்காற்று தரும் கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆற்றடியில் வண்ண மீன் பிடிப்பவர்களின் தொழிலும் நலிந்துள்ளது. ஆசியப் பண்ணைகளிலும் இந்தத் திருக்கை இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2022இல் பனாமாவில் கூடியபோது இதன் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. வணிகத்தைக் கட்டுப்படுத்துவது நல்லதுதான் என்றாலும், ஆற்றின் நீரளவைத் தீர்மானிப்பவர்களை அந்தப் பட்டியல் தொடுவதில்லை என்பது என் கருத்து.

போக விரும்புகிறவர்களுக்கு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையிலான மாதங்கள் ஏற்றவை. பெலெம் நகரிலிருந்து அல்தமீராவுக்கு விமானம் உண்டு. பழங்குடி நிலங்களுக்குள் நுழைய முன்அனுமதி பெற வேண்டும். மணற்பாங்கான இடத்தில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்தபடி நகர வேண்டும்; அந்த அதிர்விலேயே திருக்கை விலகிப் போய்விடும். ரப்பர் காலணியை நம்ப வேண்டாம், முள் அதையும் துளைக்கும். முன்னால் தட்டிப் பார்க்க நீண்ட கழி ஒன்று கையில் இருப்பதே மேல்.