என்பிடெல் பாடம்: சேர்வது எளிது, சான்றிதழ் வரை போவது எப்படி?

மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில், ஐஐடி போன்ற நிறுவனங்கள் நடத்தும் என்பிடெல் பாடத்தில் சேர ஐந்து நிமிடம் போதும், காசு கிடையாது. ஆனால் சேர்ந்துவிட்டால் தேர்வுக்கும் பதிந்தாயிற்று என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தேர்வுக்குத் தனிப் படிவம், தனிக் கடைசி நாள், பாடத்துக்கு 1000 ரூபாய் கட்டணம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்கள் சான்று இணைத்தால் பாதிதான்.

பாடத்தில் சேர்ந்த அதே மின்னஞ்சலில்தான் தேர்வுப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். கல்லூரி மெயிலில் சேர்ந்து சொந்த மெயிலில் பணம் கட்டினால் அசைன்மென்ட் மதிப்பெண்ணும் தேர்வும் ஒன்றுசேராது. பெயரிலும் கவனம் தேவை. நம் ஊரில் இன்ஷியல் ஓர் அட்டையில் முன்னால் இருக்கும், இன்னோர் அட்டையில் அப்பா பெயராக விரிந்திருக்கும். தேர்வு மையத்துக்கு எந்த அடையாள அட்டையைக் கொண்டுபோவீர்களோ, அதில் உள்ளபடியே எழுதுங்கள். சான்றிதழிலும் அந்தப் பெயர்தான் வரும்.

12 வாரப் பாடத்தில் வாரத்துக்குச் சுமார் இரண்டரை மணி நேர வீடியோ, ஓர் அசைன்மென்ட். கெடு முடியும்வரை விடையை மாற்றி மாற்றி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதே கணக்கு. அதனால் முதல் நாளே ஒருமுறை அனுப்பிவைத்துவிட்டு, வீடியோ பார்த்தபின் திருத்துவது நல்லது. கெடு நாள் இரவில் நெட் போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. 12-ல் சிறந்த 8 மட்டுமே எடுத்துக்கொள்வார்கள், ஆகவே இரண்டு வாரம் தவறியதற்காகப் பாடத்தையே விட்டுவிடாதீர்கள். பெரும்பாலானோர் நழுவுவது இந்த இடத்தில்தான்.

மதிப்பெண் கணக்கு: அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்: 25-க்கு 10, 75-க்கு 30. அசைன்மென்ட்டில் முழு 25 வாங்கிவிட்டு, நூற்றுக்கான தேர்வில் 38 எடுத்தால் அது 75-க்கு 28.5 ஆகும். கூட்டினால் 53.5 இருந்தும் சான்றிதழ் இல்லை. நண்பரிடம் விடை வாங்கி அசைன்மென்ட் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், ஏனென்றால் தேர்வு நேரில், மையத்தில், மூன்று மணி நேரம். மொத்தம் 60 வந்தால் சான்றிதழில் எலைட் என்ற சிறப்புத் தரம், 75-க்கு வெள்ளி, 90-க்குத் தங்கம்.

விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் இரண்டு வாரம் மலைப்பாக இருக்கும். பல பாடங்களுக்குத் தமிழில் மொழிபெயர்த்த விரிவுரை எழுத்துப்படி கிடைக்கிறது. முதலில் அதைப் படித்துவிட்டு வீடியோவை முக்கால் வேகத்தில் ஓடவிடுங்கள், ஆங்கிலக் கலைச்சொற்கள் பிடிபடும்.

கிரெடிட்டுக்காக, அதாவது கல்லூரிப் படிப்பின் கணக்கில் சேர்வதற்காகப் படிப்பவர்கள் சேரும் முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பருவப் பாடங்களில் 40 சதவீதம் வரை இணையவழியில் எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2021-இல் விதி கொண்டுவந்தது. ஆனால் எந்தப் பாடத்துக்கு ஈடாக எதை ஏற்பது என்பதை முடிவு செய்வது உங்கள் கல்லூரிதான். 12 வாரப் பாடத்துக்கு வழக்கமாக 3 கிரெடிட். சான்றிதழ் கையில் வந்தபிறகு கேட்டால், பாடத்திட்டம் பொருந்தவில்லை என்ற பதில் வர வாய்ப்புண்டு.