ஃபிராங்க் மலினாவின் ஒளிப்பெட்டிகள்

ரெண்டு நாளாக ஃபிராங்க் மலினா மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறார். டெக்சாஸில் 1912இல் பிறந்தவர், கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் வான் கார்மன் என்ற விமானவியல் அறிஞரிடம் படித்தவர். 1941இல் எர்கூப் என்ற குட்டி விமானத்தின் இறக்கைகளுக்குக் கீழே இவருடைய குழு ராக்கெட்டுகளைக் கட்டிப் பற்றவைத்ததும், ஓடுபாதையில் வழக்கமாக ஓடும் தூரத்தில் கிட்டத்தட்ட பாதியிலேயே அது எழும்பிவிட்டது. ஜேபிஎல் (ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி) என்ற ராக்கெட் ஆய்வகத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 1945இல் இவர் குழுவின் வேக் கார்போரல் ராக்கெட் சுமார் 70 கிலோமீட்டர் உயரம் போனது.

அப்புறம் பாரிஸ், யுனெஸ்கோ வேலை. 1953இல் அதையும் விட்டுவிட்டு முழுநேரக் கலைஞராகிவிட்டார்! என்னை அசைத்தது இதுதான்.

அவருடைய 'லூமிடைன்' படைப்புகளைப் பாருங்கள். ஒரு பெட்டி, உள்ளே மின்விளக்குகள், அவற்றின் முன்னால் சின்ன மோட்டார் மெதுவாகச் சுழற்றும் வண்ணம் தீட்டிய பிளெக்ஸிகிளாஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தட்டுகள், அதற்கும் முன்னால் அசையாத இன்னொரு வண்ணத் தகடு, கடைசியாக ஒளியைப் பரப்பும் திரை. சிவப்பு மெல்ல நகர்ந்து நீலத்துக்குள் கரைகிறது, நாம் பார்த்துக்கொண்டே நிற்கிறோம். சுழல்வதை ரோட்டார் என்றும் நிற்பதை ஸ்டேட்டார் என்றும்தான் சொன்னார், பட்டறைச் சொற்கள் அப்படியே ஓவியத்துக்குள் வந்துவிட்டன. எனக்கு அவர் ராக்கெட்டுகளைவிட இந்தப் பெட்டிகள்தான் பெரிசு.